பாடசாலை உணவும் கமக்காரர் பொறுப்பும்

விடியற்காலை மூன்று நான்கு மணியளவில் எழுந்து அடுப்பு மூட்டும் தாய்மார் இலங்கையின் கிராமங்கள் பலவற்றில் உளர். அவர்கள் சமைப்பது தம் வீட்டாருக்கு மட்டுமன்று. அயலிலுள்ள பாடசாலையிற் கற்கும் சிறு பிள்ளைகள் ஐம்பது அறுபது பேருக்குரிய சோறும் கறியும் அந்த அடுப்பிலேயே வேகின்றன. அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அளிக்கும் உணவு பெரும்பாலும் இவ்வாறே உள்ளூர் வழங்குநரின் கையாற் சமைக்கப்பட்டு, மூடிய பாத்திரங்களிற் பாடசாலைக்கு வந்து சேர்கின்றது. 2024 ஆம் ஆண்டில் இத்திட்டம் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது.

சமைப்பவரின் கைச் சுத்தத்தையும் சமையலறையின் சுத்தத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கவனித்துக்கொள்வார். ஆனால், அவ்வுணவின் நன்மை தீமைகளிற் பெரும்பங்கு, அரிசியும் கீரையும் பயறும் அத்தாயின் வாயிலுக்கு வருமுன்னரே, வயலிலும் தோட்டத்திலும் களஞ்சியத்திலும் முடிவாகிவிடுகின்றது. அப்பங்கிற்குக் கமக்காரரே பொறுப்பாளி. எனவே இப்பிரசுரம் சமைப்பவருக்கன்றி, அவருக்குப் பொருள் கொடுப்பவருக்கே எழுதப்படுகின்றது.

பாடசாலை உணவு இந்நாட்டுக்குப் புதியதன்று. முன்னர் இலவசமாக வழங்கப்பட்டு வந்த மதிய உணவு 1953 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதே வேளையிற் பங்கீட்டரிசியின் விலையும் கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. இவற்றை எதிர்த்து எழுந்ததே அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி நடைபெற்ற ஹர்த்தால். பின்னர்ப் பாலும் பணிசும் கொடுத்த காலமும், விசுக்கோத்துக் கொடுத்த காலமும் இருந்தன. அவற்றுட் பலவும் கப்பலில் வந்த மாவினாலும் பால்மாவினாலும் ஆனவை. உள்ளூர்த் தோட்டக்காரருக்கு அவற்றில் இடமில்லை. இன்று கொடுபடுவது சோறும் கறியுமாதலின் அவ்விடம் அவருக்குக் கிடைத்துள்ளது.

அரிசி

பிள்ளையின் தட்டில் அளவிற் பெரியது சோறே. ஆதலின், அரிசியில் ஏற்படும் சிறு குறையும் நாளடைவிற் பெருங்குறையாக முடியும். நெல்லை உமி நீக்கித் தவிட்டோடு உண்டால் தயமின் என்னும் பி வகை உயிர்ச்சத்து வேண்டியளவு கிடைக்கும். வெள்ளை வெளேரென்று தீட்டிவிட்டால் அச்சத்து தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும். யாவா தீவிலே தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு கொடுத்தபோது அவை தேறுவதையும் ஒல்லாந்த வைத்தியரான எய்க்மான் கண்டறிந்தார். பெரிபெரி நோயின் காரணத்தை விளக்க வழிகாட்டிய அவ்வாராய்ச்சிக்காக 1929 இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

நமது முன்னோர் கைக்கொண்ட புழுங்கல் முறை இவ்விடயத்திற் பேருதவி புரிகின்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் நீரோடு கலந்து அரிசியின் உட்பாகத்தைச் சேர்கின்றது. பின்னர்த் தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளே நிற்கும். கழுவும்போதும் பச்சையரிசியைப் போல் அது எளிதிற் கரைந்து போவதில்லை. ஆகவே பாடசாலைக்கென அரிசி கொடுப்போர் புழுங்கலரிசியையே, அதிலும் அளவோடு தீட்டியதையே, கொடுத்தல் நன்று.

ஆயினும் ஒரு குறையுண்டு. குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் நெல்லை ஊறவிட்டு, நீரையும் மாற்றாது விட்டால் அது புளித்து நாற்றமெடுக்கும். அந்நாற்றம் சோற்றிலும் தங்கும். வளர்ந்தவர் பழக்கத்தால் அதைப் பொறுத்துக்கொள்வர். ஆறு வயதுப் பிள்ளை ஒரு வாய் உண்டு தட்டை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட சோற்றில் எத்தனை சத்திருந்தும் பயனில்லை. ஏறத்தாழ 70 பாகை சென்றிகிறேட் சூடுள்ள நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து அவித்தால் இந்நாற்றம் உண்டாகாது. வெந்நீருக்கு வசதியில்லாதோர் ஊறும் நீரை நாளுக்கொருமுறையேனும் மாற்றுதல் வேண்டும்.

அவித்த நெல்லை நன்கு காயவிடாமற் சாக்கில் கட்டுவதும் பெருந்தவறாகும். ஈரம் நூற்றுக்குப் பதினான்கு பங்குக்கு மேற்படின் பூஞ்சணம் பிடிக்கும். இவ்வெச்சரிக்கை நெல்லுக்கு மட்டுமன்றிச் சோளம், நிலக்கடலை, செத்தல் மிளகாய் ஆகியவற்றுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். இவற்றிற் படரும் சில பூஞ்சணங்கள் அப்பிளாதொட்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. அது ஈரலைக் கெடுப்பது. சமையற் சூட்டுக்கு அழியாதது. பூஞ்சணம் பிடித்த கடலையை நல்லவற்றோடு கலந்து "பாடசாலைக்குத்தானே" என்று மலிவாகத் தள்ளிவிடும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின் அது உடனே ஒழிக்கப்பட வேண்டியதாகும்.

பயறும் சிறுமீனும்

சோற்றிலுள்ள புரதத்தில் இலைசீன் என்னும் கூறு குறைவு. பயறு, கௌபி, உழுந்து, கடலை, சோயா அவரை முதலியவற்றில் அது நிறைந்துள்ளது. பயற்றங்காய் இனத்திற் குறைவாயுள்ள கூறு சோற்றில் உண்டு. இரண்டையும் சேர்த்துண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகின்றது. முட்டையும் நெத்தலிக் கருவாடும் கிடைக்கும் நாட்களில் இன்னும் நன்று. நெத்தலியை முள்ளோடு உண்பதாற் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். முட்டை விலையேறும் காலங்களில் அதனைத் தட்டிலிருந்து குறைக்க வேண்டி நேரும்போது, அவ்விடத்தை நிரப்பக்கூடியது உள்ளூர்ப் பயறும் கௌபியுமே. பெரும்போக நெல் அறுவடையின் பின் வயலில் எஞ்சியிருக்கும் ஈரத்திற் பயறு விதைக்கும் கமக்காரர், தம் பிள்ளைகளின் பாடசாலைக்கே அதை விற்கலாமென்பதை நினைவிற் கொள்வாராக.

பயற்றைக் களஞ்சியத்தில் வைக்கும்போது வண்டு விழுதல் இயல்பு. நன்கு காயவிட்டு, காற்றுப்புகாத பாத்திரத்தில் அடைத்தலே முதற் காவல். சிறிதளவு தேங்காயெண்ணெயையோ வேப்பெண்ணெயையோ விதைகளின் மீது படும்படி பிசறி வைத்தால் வண்டின் முட்டைகள் பொரிப்பது பெரிதும் தடைப்படும். ஆயினும் வேப்பெண்ணெயின் கசப்பை எண்ணி உணவுக்குரியதைத் தேங்காயெண்ணெயால் மட்டுமே பிசறுக. வீட்டுக்குள்ளே சாக்குகளுக்கிடையிற் புகையூட்டும் குளிசைகளை வைத்தல் ஒருபோதும் கூடாது. அவற்றிலிருந்து வெளியாகும் பொசுபீன் வாயு உறங்குபவரைக் கொல்ல வல்லது. நாற்றுமேடைக்கென மருந்திட்ட விதைநெல் எஞ்சினால் அதையும் உணவிற் சேர்த்தலாகாது. எத்தனை முறை கழுவினும் அது உண்ணத்தக்கதன்று.

இலைக்கறி

முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, முசுட்டை, கங்குன், கீரை ஆகியவை நமது தோட்டங்களிலும் வேலிகளிலும் தாமே வளர்பவை போலத் தோன்றினும், பிள்ளைகளின் உணவில் இவற்றுக்கு நிகரானவை சிலவே. கண்ணுக்கும் தோலுக்கும் வேண்டிய ஏ உயிர்ச்சத்தாக உடலில் மாறும் கரட்டின், குருதிக்கு வேண்டிய இரும்பு, சுண்ணாம்பு ஆகியன இவற்றில் உண்டு. கரட்டின் கொழுப்போடு சேர்ந்தாலன்றி உடலில் நன்கு ஏறாது. ஆகவே தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்கும் வழக்கம் சுவைக்கு மட்டுமன்றிச் சத்துக்கும் ஏற்றதாகும். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி சிறிது விட்டால் இலையிலுள்ள இரும்பை உடல் கூடுதலாக ஏற்கும். சோற்றோடு தேநீர் குடிப்பதோ அவ்விரும்பைத் தடுத்துவிடும். தேநீரை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிவைத்தல் நலம்.

அறுபது பிள்ளைகளுள்ள ஒரு சிறு பாடசாலையை எடுத்துக்கொள்க. தலைக்கு 40 கிராம் பச்சையிலை வேண்டுமாயின், ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம் தேவைப்படும். வாரம் மூன்று நாளாயின் ஏழு கிலோகிராமுக்கு மேல். இது பெருந்தொகையன்று, ஒரு சிறிய தோட்டமே இதைத் தரக்கூடும். ஆனாற் சந்தைக்கு விளைவிப்பது போல் ஒரே நாளில் முழுப் பாத்தியையும் விதைத்து, ஒரே வாரத்திற் பறித்து முடித்தால் இத்தேவை நிறைவேறாது. பத்து நாளுக்கொரு பாத்தியாகக் கீரை விதைத்து வருதல் வேண்டும். பாடசாலை விடுமுறைகளை முன்கூட்டியே கேட்டறிந்து அக்காலத்தில் முற்றும் பாத்திகளைக் குறைத்துக்கொள்ளலாம். முருங்கையும் அகத்தியும் வேலியில் நின்றால் மழையோ கோடையோ கீரைப் பாத்தி அழிந்த வாரத்துக்கு அவை கைகொடுக்கும்.

மருந்து தெளித்த கீரை

கமக்காரர் மிகுந்த கவனத்தோடு வாசிக்க வேண்டிய பகுதி இதுவே.

பீடைநாசினி ஒவ்வொன்றின் சுட்டுத்துண்டிலும், கடைசியாகத் தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் கழிய வேண்டுமென எழுதப்பட்டிருக்கும். மருந்துக்கு மருந்து இவ்விடைவெளி வேறுபடும். இரண்டு வாரம் வேண்டுபவையும் பல. கத்தரிக்கும் வெண்டிக்கும் இந்த இடைவெளியைக் காத்தல் கடினமே. இரண்டு நாளுக்கொருமுறை காய் பறிக்க வேண்டியிருக்கின்றது. கீரைக்கோ இது கணக்கிற்கே பொருந்தாது. கீரை விதைத்து இருபத்தைந்து முப்பது நாளிற் பிடுங்கப்படுவது. இலையில் ஓட்டை விழுந்ததென்று இருபதாம் நாளில் இரண்டு வார இடைவெளி வேண்டும் மருந்தைத் தெளித்தால், முப்பத்துநான்காம் நாள் வரை அதைத் தொடலாகாது. அதற்குள் கீரை முற்றி நாராகிவிடும். அவ்வளவு காலம் காத்திருப்பவர் எவருமிலர். ஆகவே, உணவுக்குரிய கீரைக்கு அத்தகைய மருந்து தெளிப்பதென்பது, மருந்தோடு கீரையை விற்பதென்பதற்குச் சமம்.

கழுவினாற் போய்விடும் என்று கூறுவாருமுண்டு. இலையின் மேற்பரப்பிற் படிந்ததிற் சிறிது போகும். செடியின் சாற்றோடு கலந்து உள்ளே பரவும் வகை மருந்துகளைக் கழுவி அகற்றுதல் இயலாது. பதினைந்து கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு, அறுபது கிலோகிராம் நிறையுள்ள தந்தைக்குப் பொறுக்கக்கூடிய அளவு பொறாது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

பாடசாலைக்கென விடும் பாத்திகளைத் தனியே பிரித்து, நுண்வலையால் மூடி வளர்த்தல், புழுக்களைக் காலையிற் கையாற் பொறுக்கியெடுத்தல், ஒரே பாத்தியில் ஒரே கீரையைத் தொடர்ந்து விதையாமை ஆகிய முறைகளே ஏற்றவை. வேப்பம்விதைச் சாறு பயன்தரும் இடங்களும் உள. அயற்பாத்தியில் மிளகாய்க்குத் தெளிக்கும்போது காற்று கீரைப்பக்கம் வீசினால் அன்று தெளிப்பதை நிறுத்துக. இலையில் இரண்டொரு ஓட்டை இருப்பதாற் பிள்ளைக்கு யாதொரு கேடுமில்லை. வாங்குபவர் அதைக் குறைகூறினால் காரணத்தை அவருக்கு எடுத்துச் சொல்க.

வெறும் போத்தல்

2013 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் திகதி இந்தியாவின் பீகார் மாநிலத்திலே சாரன் மாவட்டத்துச் சிற்றூர்ப் பாடசாலையொன்றிற் பிள்ளைகளுக்குச் சோறும் சோயாவும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கறியும் மதிய உணவாகப் பரிமாறப்பட்டன. உண்ட பிள்ளைகள் சிறிது நேரத்துள் வாந்தியெடுத்து விழுந்தனர். இருபத்துமூன்று பிள்ளைகள் இறந்தனர். சமையலுக்குப் பயன்படுத்திய எண்ணெயில் மொனோகுரோட்டோபொசு என்னும் கொடிய பீடைநாசினி கலந்திருந்தமை பரிசோதனையில் வெளியாயிற்று. அம்மருந்து முன்னர் இருந்த கொள்கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்றே அப்போது அதிகாரிகள் கருதினர்.

அந்நஞ்சு இலங்கையில் 1995 இலேயே தடைசெய்யப்பட்டது. அதனால் இங்கு அத்தகைய ஆபத்தில்லை என்று எண்ணி இருந்துவிடலாகாது. மருந்து வெவ்வேறாயினும் போத்தல் போத்தலே. தடித்த பிளாத்திக்கு, இறுக்கமான மூடி, நல்ல கைப்பிடி ஆகியவற்றைப் பார்க்கும்போது அதை எறிய மனம் வருவதில்லை. மண்ணெண்ணெய்க்கு வைத்துக்கொள்ளலாம் எனத் தொடங்கி, ஆண்டொன்று கழிய, அது எதற்குரியதென்பதை வீட்டில் எவரும் அறியாத நிலை உண்டாகின்றது. முடிந்த போத்தலை மூன்று முறை நீரால் அலசி, அந்நீரைத் தெளிகருவித் தாங்கியிலேயே ஊற்றி, போத்தலின் அடியிற் கத்தியாற் குத்தித் துளையிட்டுவிடுக. துளையிட்டதை எவரும் எண்ணெய்க்கு எடுக்கமாட்டார். இருக்கும் மருந்தைச் சோடாப் போத்தலிலோ சாராயப் போத்தலிலோ மாற்றி வைப்பதும் இதே கேட்டைத் தருவது. உரப்பையைக் கழுவி அரிசி கட்டும் வழக்கத்தையும் விட்டொழித்தல் வேண்டும்.

ஏற்றியிறக்கும்போதும் இக்கவனம் தேவை. 1958 இற் கேரளத்திலே நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தமைக்குக் காரணம், கப்பலிற் பரதியோன் என்னும் மருந்தோடு ஒன்றாக ஏற்றப்பட்ட கோதுமை மாவில் அம்மருந்து கசிந்து கலந்தமையே. கப்பலில் நடந்தது உழவு இயந்திரப் பெட்டியிலும் நடக்கக்கூடும். கீரைக்கட்டும் தெளிகருவியும் ஒரே பெட்டியில் ஒரே பயணத்திற் செல்லக்கூடாது.

நீரும் பசளையும்

வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் செய்து கொடுப்பது பலரதும் வழக்கம். சேற்றுநிலத்தில் தரையோடு படர்ந்து வளரும் இவ்விலையிற் புழு முட்டைகளும் வயிற்றோட்டக் கிருமிகளும் ஒட்டியிருத்தல் இயல்பே. மனித மலமோ, கழிவுநீரோ சேரும் வாய்க்காலில் வளர்ந்ததைப் பாடசாலைக்குக் கொடாதீர். புதுச்சாணத்தையும் கோழியெருவையும் நேரே இடாது, நன்கு உக்கவைத்துக் கூட்டெருவாக்கியபின் இடுக. உக்கும் குவியலின் சூட்டிற் பெரும்பாலான கிருமிகள் மடியும். இத்தனை செய்தும், சிறு பிள்ளைகளுக்கு வல்லாரையைச் சற்றே வாட்டி வறையாகக் கொடுப்பதே பாதுகாப்பானது.

விடியுமுன் சமைக்க வேண்டியிருப்பதால், இலை முதல் நாள் மாலையிலேயே பறிக்கப்படுகின்றது. வெயில் தாழ்ந்தபின் பறித்து, நிழலில் ஆறவிட்டு, வாழையிலையிலோ ஈரத்துணியிலோ தளர்வாகச் சுற்றி வைத்தால் வாடாது. பிளாத்திக்குப் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறி அழுகும். கழுவுவதை வெட்டுமுன் செய்தல் வேண்டும்; அரிந்தபின் கழுவினாற் சத்து நீரோடு போகும். மரவள்ளிக் கிழங்கு கொடுப்போர் கிண்டிய அன்றே கொடுத்து, தோலை முற்றாக நீக்கித் திறந்த பாத்திரத்தில் அவிக்கும்படி சமைப்பவருக்குக் கூறுவாராக. கிழங்கிலுள்ள நஞ்சு ஆவியாய் வெளியேறுவதற்கு மூடியே தடை.

சமைத்த சோறு

இது சமைப்பவரின் பாகமாயினும், கமக்காரர் வீட்டிலும் அறுவடைக் காலத்தில் வேலையாட்களுக்குச் சோறு கட்டிச் செல்லும் வழக்கமுண்மையின் இங்கே சில கூறுதல் தகும். அரிசியில் இயற்கையாகவே இருக்கும் பசிலசு சீரியசு என்னும் கிருமியின் வித்துக்கள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காக இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீளச் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது, வாந்தி உண்டாகும். மூன்று மணிக்கு வடித்த சோற்றைப் பத்தரை மணி இடைவேளையில் உண்பதாயின் ஏழரை மணி நேரம் கழிந்துவிடுகின்றது. தேங்காய்ப்பால் விட்ட கறி அதற்கும் முன்னே கெட்டுவிடும். காலையில் முதற் பாடத்துக்கு முன்னரே உணவு கொடுக்கும் பாடசாலைகளில் இவ்வாபத்து மிகக் குறைவு. இடைவேளையிற் கொடுப்பவை சமையலைத் தாமதித்துத் தொடங்குமாறு ஒழுங்கு செய்தல் வேண்டும். முதல் நாட் சோற்றைக் கலத்தல் எவ்வாற்றானும் தகாது.

சமைக்கும் தாய்மாருக்குரிய கொடுப்பனவு சிலவேளைகளிற் பிந்துவதும், பொருள்விலை ஏறும் வேகத்தில் உணவுக்குரிய தொகை ஏறாததும் உண்மையே. அப்போது முதலிற் குறைவது முட்டை, அடுத்தது பயறு, கடைசியிற் சோறும் நீர்த்த சொதியுமே எஞ்சும். கமக்காரர் சங்கங்கள் அவருக்குப் பொருளைத் தவணையிற் கொடுத்து, கொடுப்பனவு வந்ததும் பெற்றுக்கொள்ள உடன்பட்டால் தட்டு வெறுமையாகாது. சங்கத்துக்கும் ஆண்டு முழுவதும் நிலையான ஒரு கொள்வனவாளர் கிடைப்பார். சந்தையில் விலை வீழ்ந்து கத்தரியும் பூசணியும் தேங்கும் வாரங்களில் இதன் பயன் நன்கு விளங்கும்.

இவ்வாறு கொடுக்கத் தொடங்குவோர் கீரைக்கட்டு ஒவ்வொன்றோடும் ஒரு சிறு கடதாசித் துண்டைக் கட்டிவிடுக. பறித்த திகதியும், அப்பாத்திக்கு மருந்து தெளித்திருப்பின் அதன் பெயரும் கடைசியாகத் தெளித்த திகதியும் அதிலே எழுதப்படுதல் வேண்டும். தெளிக்காவிடின் தெளிக்கவில்லை என்றே எழுதுக. சமைப்பவர் அத்துண்டுகளை ஒரு கம்பியிற் கோத்துச் சமையலறையில் தொங்கவிட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் அவர் பார்க்கலாம். சுட்டுத்துண்டிலுள்ள இடைவெளி விளங்காதவர், அடுத்த பாத்தியை விதைக்குமுன் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் போத்தலைக் காட்டிக் கேட்டறியலாம்.